கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாயில் கரண்டிவாயன்

ஊருக்குள் நுழைந்ததும் முதலில் என் கண்ணில் பட்டது வெறும் தரைதான். தீபாவளிக் காலை, ஆனால் தெருவில் ஒரு துண்டு வெடிக்காகிதம்கூட இல்லை.

நான் காரைக்குடியில் ஒரு ஸ்டூடியோவில் படம் கழுவிக்கொண்டிருந்தேன். எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. ஆட்களிடம் பேச வராது என்பதால் முதலாளி என்னை இருட்டறையிலேயே வைத்திருந்தார். ஒரு காலண்டருக்குக் கரண்டிவாயன் பறவையின் படம் தேவைப்பட்டது. அதற்காகப் போன கடை ஆட்கள் இருவரும் வெறுங்கையோடு திரும்பினார்கள். "நீ எடுத்துட்டு வா, கேமரா வேலை தாரேன். இல்லாட்டி கழுவிக்கிட்டே கெட" என்றார். தீபாவளிக்குக் கடை லீவு. எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ்தான் என்பதால் எனக்கு வசதியாகப் போயிற்று.

காரைக்குடியிலிருந்து திருப்பத்தூருக்கு பஸ்ஸில் முக்கால் மணி நேரம். அங்கே மேலூர் பக்கம் போகும் டவுன் பஸ் ஏறி, விலக்கில் இறங்கி, பறவைகள் வந்து கூடு கட்டும் கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்க்கு நடக்க வேண்டும்.

கண்மாய்க் கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு அக்கா மறித்தார். "ஏத்தா, எங்குட்டுப் போற? பையில என்ன?"

கேமராவை எடுத்தபோது, முதலாளி தீபாவளிக்குக் கொடுத்திருந்த வெடிப்பெட்டியும் கூடவே விழுந்தது. அவ்வளவுதான்.

"வெடியா! போன வருசம் ஒருத்தன் பறக்குற படம் வேணும்னு வெடியைப் போட்டான். குஞ்சை விட்டுட்டு அம்புட்டும் ஓடிப்போச்சு. இதுகளுக்காக எங்க புள்ளைகளே தீபாவளிக்கு வெடி கேக்காதுக. கெளம்பு, கெளம்பு!"

திரும்பி இரண்டடி வைத்தும் விட்டேன். பிறகு எப்படியோ வாய் திறந்தது. "உக்காந்திருக்கிற படம் போதும்க்கா. வெடிய நீங்களே வச்சுக்கங்க. வெரட்டிப்புடாதீகக்கா."

அவர் பெட்டியை அப்படியே துணி வாளித் தண்ணீரில் அமுக்கினார். "இனி உக்காரு. சத்தம் போட்டே, உன்னையும் அமுக்கிருவேன்."

நத்தைக்குத்தி நாரைகள்தான் வந்து வந்து போயின. உச்சி வெயிலில், அவற்றுக்குப் பின்னாலிருந்து ஒரு வெள்ளைப் பறவை, கரண்டி போன்ற கறுத்த அலகால் தண்ணீரை அலசிக்கொண்டே வந்தது. பொத்தானை அழுத்தினேன்.

"படம் விழுந்துச்சா?" என்று அக்கா கிசுகிசுத்தார். தலையாட்டிய பிறகுதான் மூச்சு விட்டேன்.

போகிறவர்கள் மழைக்குப் பிறகு, காலையிலேயே போங்கள். குடிதண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஃப்ளாஷ் வேண்டாம். பையை வீட்டிலேயே ஒருமுறை கொட்டிப் பார்த்துவிடுங்கள்.

மறுநாள் முதலாளி நெகட்டிவை விளக்கில் பிடித்துப் பார்த்தார். அலகு முழுசாக விழுந்திருந்தது. கேமராவை என் பக்கம் தள்ளினார். பாஸ்போர்ட் படத்துக்கு ஒருவர் காத்திருந்தார். நான் விளக்கைப் போட்டு, "அண்ணே, கொஞ்சம் நிமிந்து உக்காருங்க" என்றேன்.