சுறாவுக்குக் காற்றுப்பை கிடையாது

குனோங் ராபாட் சந்தையில் பல வருடமாக மீன் வெட்டுகிறேன். போன வருடம் மகளின் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. சின்னச் சுறா ஒன்று வேண்டுமென்று அவளுடைய ஆசிரியை கேட்டார். மேசையில் வைத்துவிட்டு ஓரமாக நின்றால் போதும், விளக்கம் சொல்லக் கல்வி இலாகாவிலிருந்து ஓர் அதிகாரி வருகிறார் என்றார்.

இரண்டு முறை குளித்து, தீபாவளிச் சேலை கட்டிப் போனேன். அப்படியும் முன்வரிசையில் ஓர் அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டார்.

அதிகாரி பேச ஆரம்பித்தார். சுறாவின் எலும்பு இரும்பு மாதிரியாம், அந்தப் பலத்தில்தான் வேகமாக நீந்துகிறதாம். வயிற்றிலுள்ள காற்றுப்பைதான் அதை மிதக்க வைக்கிறதாம். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். பேசிவிடாதே என்பதுபோல மகள் என்னைப் பார்த்தாள்.

நான் பேசினேன். “சார், இதுக்கு எலும்பே இல்ல. காத்துப்பையும் இல்ல.”

அவர் சிரித்தபடி, எதுவரை படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்புவரை என்றேன். ஆசிரியை என் முழங்கையைப் பிடித்து இழுத்தார். விடுவித்துக்கொண்டு, மீனோடு கொண்டுவந்திருந்த கத்தியை எடுத்தேன்.

முதுகைக் கீறி நடுத்தண்டை உருவி வளைத்தேன். வளைந்தது, விட்டதும் நிமிர்ந்தது. “நம்ம காதுமடல் மாதிரி குருத்துதான் இது. எலும்ப விட லேசு. வளைஞ்சு குடுக்குறதாலதான் வால அப்படி வீசி நீந்துது.”

வயிற்றைத் திறந்து, காற்றுப்பையைத் தேடச் சொன்னேன். பிள்ளைகள் மொய்த்துக்கொண்டு தேடினார்கள். கிடைக்கவில்லை. பெரிய ஈரலை அறுத்து, கை கழுவ வைத்திருந்த வாளித் தண்ணீரில் போட்டேன். மிதந்தது. அத்தனையும் எண்ணெய், சுறாவை மூழ்கவிடாமல் தாங்குவது அதுதான் என்றேன். தோலைத் தலையிலிருந்து வாலுக்குத் தடவச் சொன்னேன், வழவழப்பு. திருப்பித் தடவினால் மணல்தாள்போலச் சொரசொரப்பு. தோல் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத குட்டிப் பற்கள், அவற்றின் மேல் தண்ணீர் தடங்கலில்லாமல் ஓடும் என்று சொன்னபோது அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போய்விட்டார்.

அவரிடம் தனியாகச் சொல்லியிருக்கலாமே என்று ஆசிரியை வருத்தப்பட்டார்.

“தப்ப எல்லாரு முன்னாலயும் சொன்னாரு டீச்சர். சரியானத நான் மட்டும் ஏன் ரகசியமா சொல்லணும்?”

அவர் மேசையைத் துடைக்கத் துணி எடுத்தார்.

மோட்டார் சைக்கிளில் திரும்பும்போது சமிக்ஞை விளக்கில் நின்றோம். பின்னாலிருந்து மகள், “ஈரல் மெதக்கும்னு என்கிட்ட சொன்னதே இல்லையேம்மா” என்றாள்.

“நீ கேட்டதே இல்லலா.”

இந்த வருடக் கண்காட்சிக்கு என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் திருக்கை கொண்டுபோவேன். அதற்கும் எலும்பு இல்லை.