கைப்பிடி இல்லாத நாற்காலி

பட்டறையில் அவனை 'வளையல்' என்றுதான் கூப்பிடுவார்கள். குழாய்க்குள் மணலை இறுக்கி நிரப்பி, சூடாக்கி, நசுங்காமல் வளைப்பதில் அவன் கைக்கு ஒரு பக்குவம் இருந்தது. பெரிய வித்தை என்று சொல்ல முடியாது. பழகினால் யாருக்கும் வரும். அவன் பழகியது அக்காவுக்காக.

அக்காவால் நடக்க முடியாது. அவளுடைய முதல் நாற்காலி, சாப்பாட்டு மேசையிலிருந்து பிரித்தெடுத்த மர நாற்காலி. அப்பா அதன் கால்களில் நான்கு சிறு உருளைகளை அறைந்திருந்தார். யாராவது தள்ளினால் நகரும். தள்ள மறந்தால் சுவரைப் பார்த்தபடி நிற்கும். அடுத்தது ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்ட இரும்பு நாற்காலி. பின்னால் பெரிய சக்கரங்கள், அவற்றை ஒட்டிக் கையால் உருட்ட ஒரு வளையம். அது வந்த வாரமே, அம்மா ஒளித்துவைத்த சர்க்கரை டப்பாவை அக்கா கண்டுபிடித்துவிட்டாள். மூன்றாவதை அவனே செய்தான். இருக்கைக்கு அடியில் இரண்டு கம்பிகளைக் குறுக்காகக் கோத்து, மடக்கிப் பேருந்தில் ஏற்றும்படி.

மூன்றிலும் மாறாத ஒன்று, முதுகுக்குப் பின்னால் துருத்திக்கொண்டிருந்த கைப்பிடிகள். மூன்றாவதைச் செய்யும்போது அவன் முதலில் நிமிர்ந்து நின்று, முழங்கையை மடித்து, தன் உயரத்துக்குத்தான் கைப்பிடியை அளந்தான். உட்காருகிறவளின் அளவு பிறகுதான் வந்தது. அதில் தவறு எதுவும் அவனுக்குத் தெரியவில்லை.

நான்கு தெரு தள்ளி ஒரு தொலைபேசி உதவி மையத்தில் அக்காவுக்கு வேலை கிடைத்தது. தனியாகப் போய்வருவதாக அவள் முடிவு செய்திருந்தாள். அதற்கு லேசான புது நாற்காலி ஒன்று செய்துதர அவன் ஒப்புக்கொண்டிருந்தான்.

"டேய், புதுசுக்கு ஹேண்டில் வேண்டாம்."

"அப்புறம் எதைப் பிடிச்சுத் தள்ளுறதாம்?"

"தள்ளவே வேண்டாம்."

"மேட்டுல மூச்சு வாங்கினா?"

"நின்னு வாங்கிக்கறேன். என் மூச்சுதானே?"

"உதவிக்கு யாராவது வந்தா?"

"வர்றவங்க கேக்கறதே இல்லடா. நேத்து மருந்துக்கடையில ஒருத்தர் பின்னாடியே வந்து, வழியில நிக்கறேன்னு தள்ளிட்டுப் போய் எடை மெஷின் பக்கத்துல விட்டுட்டாரு. நான் என்ன வாங்க வந்தவளா, விக்க வெச்ச சாமானா?"

அவனுக்குச் சிரிப்பு வந்தது, விழுங்கிக்கொண்டான். அவனும் ஒருநாள்கூடக் கேட்டதில்லை.

அலுமினியக் குழாயில் செய்தான். லேசாகத் திரும்பட்டும் என்று பெரிய சக்கரங்களின் அச்சை நன்றாக முன்னுக்குக் கொண்டுவந்தான். "இவ்வளவு முன்னாடி வெச்சா மல்லாக்கச் சாயும்டா வளையல்," என்றார் மேஸ்திரி. அவர் வாய் முகூர்த்தம் பலித்தது. பட்டறை வாசல் சரிவில் ஏற அக்கா வளையத்தை வேகமாக ஒரு தள்ளுத் தள்ளியதும் முன்சக்கரங்கள் மேலே கிளம்பின. பழக்க தோஷத்தில் அவன் கைகள் கைப்பிடி இருக்கும் இடத்துக்குப் பாய்ந்தன. வெறும் காற்றுதான் அகப்பட்டது. அக்கா மல்லாந்து கிடந்தாள். முழங்கை உரிந்திருந்தது.

"போதும்க்கா. ஹேண்டில் வெச்சுடறேன்."

"வெச்சா ஆபீஸ்ல யாரு பிடிப்பா? நீ என்ன என் முதுகோட ஒட்டிப் பிறந்தவனா? முதல்ல தூக்கு."

தூக்கி உட்காரவைத்தான். அவள் முழங்கையை ஊதிக்கொண்டே சொன்னாள்: "விழாம இருக்க ஆள்தான் வேணுமா, இல்ல ஒரு இரும்புத்துண்டு போதுமா? அதை யோசி."

நியாயமான கேள்வி. இத்தனை வருஷமாக அவன் அந்த ஆளாகவே இருந்ததால் இரண்டாவது விடையை யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அன்று முதன்முறையாக அவள் கையைத் தொங்கவிடச் சொல்லி, தோளிலிருந்து வளையம்வரை அளந்தான். அச்சைக் கொஞ்சம் பின்னுக்கு நகர்த்தினான். இரண்டு குழாய்த் துண்டுகளை வளைத்துப் பின்புறம் மாட்டி, அவற்றின் நுனியில் தரையைத் தொடாமல் இரண்டு குட்டிச் சக்கரங்களை வைத்தான். நாற்காலி பின்னால் சாய்ந்தால் அவை தரையில் ஊன்றித் தாங்கும்.

"நாற்காலிக்கு வால் முளைச்சிருக்கே!" என்றார் மேஸ்திரி.

வேலைக்குப் போன முதல் நாள், அக்கா தெருமுனை திரும்பியதும் அவன் சைக்கிளை எடுத்தான். எதிர்ச்சாரியிலேயே போனான். சிக்னலில் அவள் நின்றாள். பின்னாலிருந்து ஒரு கட்டம்போட்ட சட்டைக்காரர் வேகமாக வந்து இரண்டு கைகளையும் நீட்டினார். முதுகுச் சாய்மானத்தைத் தடவிப் பார்த்தார். பிடிக்க எதுவும் இல்லை. ஒரு கணம் விழித்துவிட்டு, சுற்றிக்கொண்டு அவள் முன்னால் வந்து, குனிந்து ஏதோ கேட்டார். அவள் பதில் சொன்னாள். அவர் தலையசைத்துவிட்டுப் போனார். விளக்கு மாறியதும் அவள் கடந்தாள். நடைபாதை ஏற்றத்தில் குட்டிச் சக்கரங்கள் ஒருமுறை தரையில் உரசின. எதிர்ச்சாரியில் அவன் சைக்கிள் பிரேக்கை இறுக்கிப் பிடித்திருந்தான். நாற்காலி ஏறிவிட்டது.

சாயங்காலம் அக்கா கையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தபோது அவனால் சும்மா இருக்க முடியவில்லை.

"சிக்னல்ல அந்த ஆளு குனிஞ்சு என்ன கேட்டாரு?"

"எந்த ஆளு? உனக்கெப்படித் தெரியும்?"

அவன் எண்ணெய்க் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினான்.

"தள்ளட்டுமான்னு கேட்டாரு. வேண்டாம்னேன். சரிம்மான்னு தன் வழியைப் பாத்துப் போயிட்டாரு," என்றாள். "நாளைக்கு நீயும் அப்படியே செய்."