கால் வேண்டாத வண்டி

வெட்டிய புல்லின் வாசனை தனியாக வந்தால் எனக்கு ஒன்றும் ஆவதில்லை. கூடவே பெட்ரோல் புகையும், முந்தின இரவு பாய்ச்சிய தண்ணீரின் லேசான கசட்டு வாடையும் கலந்து வரவேண்டும். அபுதாபியில் இப்போது நான் டியூட்டி பார்க்கும் வீட்டுக்குக் கம்பெனி வேன் போகிற வழியில், ஒரு ரவுண்டபவுட் அருகே, காலையில் அப்படி வரும். மூடின கண்ணாடியைத் தாண்டி வரும். அதன்பின் நான் வேனில் இருப்பதில்லை. அல் ஐனில், சனயா என்கிற பட்டறைப் பகுதியில், ஒரு கடையின் பின்முற்றத்தில், கையில் ஒரு சுருள் பேண்டேஜோடு நிற்பேன்.

அங்கே நான் ஒரு வீட்டில் நர்ஸாக இருந்தேன். நோயாளி வயதான அரபி மனிதர். வீட்டில் எல்லோருக்கும் பாபா, எனக்கும் பாபா. நெடுநாள் சர்க்கரை அவருடைய பாதங்களில் இருந்த உணர்ச்சியைத் துடைத்து எடுத்திருந்தது. வாக்கரைப் பிடித்து நடப்பார். ஆனால் செருப்புக்குள் கல் கிடந்தால் தெரியாது, தரை சுட்டால் தெரியாது. கால் பிரேக்கில் இருக்கிறதா, ஆக்ஸிலரேட்டரில் இருக்கிறதா என்பதும் தெரியாமல் போனபோது, மகள் கார்ச்சாவியை வாங்கி வைத்துக்கொண்டாள்.

இளவயதில் தார் போடாத மணல் தடங்களில் லாரி ஓட்டியவர் அவர். சாவி போனபின் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மதிலுக்கு அப்பால் போகிற வண்டிகளைச் சத்தத்தை வைத்தே இன்ன வண்டி, இன்ன கியர் என்று சொல்லிக்கொண்டிருப்பார். பெரும்பாலும் சரியாகத்தான் சொல்வார். கேட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்பதுதான் கஷ்டம்.

வீட்டைச் சுற்றிப் பெரிய புல்வெளி. பேரீச்சை மரங்களுக்கு இடையே புகுந்து புகுந்து போகும். தள்ளிக்கொண்டே வெட்டுகிற பழைய மெஷின் ஒருநாள் நின்றுவிட்டது. புதிது வாங்கவேண்டும் என்று பேச்சு வந்ததும் பாபா சொன்னார்: "உக்காந்து ஓட்டுத மாதிரி வாங்கு. நான் ஓட்டுதேன்."

அவர் பேசியது அரபி. என் காதுக்குள் அது எங்கள் தூத்துக்குடிக் கடற்கரைப் பேச்சாகத்தான் வந்து விழும். 'யா பின்த்' என்று கூப்பிடுவார். எனக்கு 'ஏட்டி' என்று கேட்கும். அப்படியே எழுதுகிறேன்.

மகள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திவிட்டாள். என்னைப் பார்த்து, "சிஸ்டர், நீங்க கூடப் போங்க. இவரை ஓட்ட வச்சுப் பாருங்க. நீங்க சரின்னா வாங்கலாம், வேண்டாம்னா தோட்டக்காரருக்குத் தள்ளுற மெஷின் போதும்," என்றாள். அவர் எதிரிலேயே சொன்னாள். அன்றிலிருந்து பாபா என்னோடு மிக மரியாதையாக நடந்துகொண்டார். மாத்திரையைத் துப்பவில்லை. எனக்கு அது பயமாக இருந்தது.

புல்வெளிக்குப் போகப் பக்கவாசல் ஒன்றுதான் வழி. அதன் அகலத்தை அளக்க டேப் கிடைக்காமல், பேண்டேஜ் சுருளைப் பிரித்து நிலைக்கு நிலை பிடித்து முடிச்சுப் போட்டு எடுத்துக்கொண்டேன். சிவகங்கைக்காரரான தோட்டக்காரர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "சிஸ்டர், பெரியவரு ஓட்டுனா எனக்கு இடுப்பு மிச்சம். கெடுத்துறாதீக," என்றார்.

பாபாவோடு சனயா கடைக்குப் போனேன். கடைப்பையன் திருநெல்வேலிக்காரன். பையன் என்று சொல்லிவிட்டேன், நாற்பதை நெருங்கியிருப்பான். என் ஒரு வாக்கியத்தைக் கேட்டதுமே, "தூத்துக்குடிப் பக்கமா சிஸ்டர்? வாங்க வாங்க. பெரியவருக்கு நிழல்ல ஒரு சேர் போடுதேன்," என்றான்.

அவன் நாற்காலியை இழுப்பதைப் பார்த்து, "சேர் வேண்டாம். வண்டி எங்கே?" என்றார் பாபா.

நான் பேண்டேஜை ஒவ்வொரு வண்டியின் வெட்டும் தட்டுக்குக் குறுக்காகவும் பிடித்துப் பார்த்தேன். பெரியவை மூன்றும் முடிச்சைத் தாண்டி நின்றன.

"என்ன சிஸ்டர், இதுக்கும் கட்டுப் போடப்போறீங்களா?"

"வாசல்ல மாட்டிக்கிட்டா உனக்குத்தான் கட்டுப் போடணும் தம்பி. இதுக்குள்ள அடங்குதது எது, அதை மட்டும் காட்டு."

அடங்கியவை மூன்று. ஒன்று பேட்டரியில் ஓடுவது. "சத்தமே இருக்காது. ஆனா இந்த ஊர் வெயிலுக்கு இதை ஏசி ரூம்ல தூங்க வைக்கணும்," என்றான். அதை நான் அரபியாக்கிச் சொன்னதும் பாபா முகத்தைச் சுளித்தார். "சத்தம் இல்லாட்டா நான் ஓட்டுதேன்னு பக்கத்து வீட்டுக்காரனுக்கு எப்படித் தெரியும்?"

இரண்டாவது, ஸ்டியரிங் வைத்த சின்ன டிராக்டர் போன்றது. அதைக் கண்டதும் அவர் வாக்கரை என் கையில் தள்ளிவிட்டார். ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபோது அவர் தோள்கள் தாமாகவே விரிந்தன. நான் பார்த்திராத ஒரு மனிதர் அங்கே உட்கார்ந்திருந்தார். இதுவே போதும் என்று சொல்லிவிட எனக்கு ஆசை. ஆனால் கீழே பெடல் இருந்தது. பையன் பக்கத்தில் நின்று, தனக்குத் தெரிந்த அரபியில், "மெதுவா மிதிங்க பாபா, மெதுவா," என்றான். மெதுவாக என்பதை எந்தக் காலால் அறிவது? வண்டி ஒரே தாவாகத் தாவி, ஓரத்தில் அடுக்கியிருந்த தண்ணீர்க் குழாய்ச் சுருள்களின் மேல் ஏறி நின்றது. பையன்தான் எட்டிச் சாவியைத் திருப்பினான்.

யாருக்கும் அடியில்லை. பாபா ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்க நேரமானது.

மூன்றாவதில் ஸ்டியரிங்கே இல்லை. பெடலும் இல்லை. இருக்கையின் இரண்டு பக்கத்திலிருந்தும் மடிக்கு மேல் வளைந்து வருகிற இரண்டு கம்பிகள்தான். வலது கம்பி வலது பின்சக்கரத்துக்கு, இடது இடதுக்கு. இரண்டையும் முன்னே தள்ளினால் முன்னே போகும், இழுத்தால் பின்னே வரும். ஒன்றைத் தள்ளி ஒன்றை இழுத்தால், நின்ற இடத்திலேயே சுற்றும். "இதுக்குப் பேரே ஸீரோ டர்ன், சிஸ்டர். மரத்தைச் சுத்திப் பூப்போல வெட்டும்."

"எந்திரிச்சா?"

"என்னது?"

"ஓடிக்கிட்டு இருக்கும்போது எந்திரிச்சுட்டா?"

அவன் ஸ்டார்ட் செய்து, கம்பிகளைப் பிடித்தபடியே எழுந்து காட்டினான். இன்ஜின் செத்தது. எனக்கு அதுதான் பிடித்தது.

பாபாவுக்கு எதுவுமே பிடிக்கவில்லை. "இது வண்டியாட்டி? படகுல்லா!" என்றார். ஏறினார். வலது கம்பியைத் தள்ளினார். வண்டி இடப்பக்கம் போயிற்று. அதைத் திருத்த இடதை இழுத்தார். இன்னும் இடப்பக்கம் சுழன்றது. ஸ்டியரிங்குக்குப் பழகின கைகள், போகவேண்டிய பக்கமே தள்ளின. வண்டி குடித்தவன்போல முற்றத்தில் அலைந்தது. பையன் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொடுத்தான். சொல்லச் சொல்ல மோசமானது. கடைசியில் பாபா இரண்டு கம்பிகளையும் விட்டுவிட்டு, "கலாஸ், போதும்," என்றார். "போவோம்."

எனக்கு அப்போது ஒன்று தெரிந்தது. இந்த வண்டி எப்படித் திரும்புமோ அப்படித் திரும்புகிற இன்னொன்றை அவர் ஓட்டியிருக்கிறார், அதுவும் நன்றாக. சக்கர நாற்காலி. வலது சக்கரத்தை முன்னே உருட்டினால் இடப்பக்கம் திரும்பும். ஒன்றை முன்னும் ஒன்றைப் பின்னும் உருட்டினால் நின்ற இடத்தில் சுற்றும். காலில் புண் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சில வாரம் அதில்தான் இருந்தார். ஆனால் பார்க்க ஆள் வருகிறது என்றால் சாதா நாற்காலிக்கு மாற்றச் சொல்வார், அதைக் குளியலறையில் ஒளிக்கச் சொல்வார். வீட்டுக்கு வந்தபின் அந்தப் பேரையே யாரும் எடுப்பதில்லை. துணி போட்டு மூடி ஸ்டோர் ரூமில் கிடந்தது.

அதைச் சொன்னால் இறங்கிப் போய்விடுவார். சொல்லாவிட்டாலும் போகத்தான் போகிறார். நான் இங்கே சும்மா நின்றால், நாளைக் காலையும் அதே முற்றம், அதே மதில், அதற்கு அப்பால் யாரோ ஓட்டுகிற கியர்.

பக்கத்தில் போனேன். பையனுக்குக் கேட்காமல் சொன்னேன்: "பாபா, ஆஸ்பத்திரி வராந்தா. லிஃப்ட் பக்கம். எல்லாரும் தூங்குற மத்தியானம். யாரும் இல்லைன்னு நினைச்சு நின்ன இடத்துலயே சுத்துனீங்களே. நான் கதவுக்குப் பின்னால நின்னேன்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. ஹஃபீத் மலை இருக்கிற பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். காது நுனி சிவந்தது. கோபமா, வேறா, எனக்கு இன்றுவரை தெரியாது.

"எத்தனை சுத்து?" என்றார்.

"மூணு. கடைசி சுத்துல சிரிச்சீங்க."

பிறகு கைகள் கம்பிகளுக்குப் போயின. இப்போது அவற்றைத் தூக்கிப் பிடிக்கவில்லை. சக்கரத்தின் விளிம்பைத் தொடுவதுபோல உள்ளங்கையை வைத்தார். வலது முன்னே, இடது பின்னே. வண்டி நின்ற இடத்திலேயே, ஒரு சாணும் நகராமல், சுழன்றது. வெள்ளைக் கந்தூரா அங்கி காற்றில் உப்பியது. நிறுத்தி, மறுபக்கமாகவும் ஒரு சுற்று. பிறகு நேராக முற்றத்தின் கோடிவரை போய்த் திரும்பி வந்து, பையனின் மூக்குக்கு முன்னால் நிறுத்தினார்.

"எப்பா!" என்றான் பையன். "சிஸ்டர், நீங்க காதுல என்ன மந்திரம் ஓதினீங்க?"

"கம்பெனி ரகசியம்."

மகளுக்குப் போன் போட்டேன். பாபா வேறெங்கோ பார்ப்பதுபோல உட்கார்ந்திருந்தார். "ஓட்டுதாரு," என்று ஆரம்பித்து, அவளுக்குத் தமிழ் தெரியாது என்பது உறைத்து, அரபியில் சொன்னேன்: கை உறுதி, புத்தி தெளிவு, எழுந்தால் தானே நிற்கிற வண்டி, காலை வெயிலுக்கு முன் மட்டும், மூடின ஷூ போட்டால் மட்டும். கடைசியைக் கேட்டதும் பாபா திரும்பினார்.

"ஷூவா? நான் என்ன போலீஸா?"

"ஷூ மாஃபி, வண்டி மாஃபி," என்றேன். இல்லை என்றால் இல்லை.

பையனிடம் அவர் முறையிட்டார்: "பார்த்தியா? இவ என் வீட்டு நர்ஸா, மாமியாரா?"

ஷூவும் வாங்கினோம்.

முதல் வாரம் புல்வெளி, சின்னப் பிள்ளைக்கு வீட்டில் முடிவெட்டினதுபோல இருந்தது. பிறகு கோடுகள் நேராயின. தோட்டக்காரர் மரத்தடியில் உட்கார்ந்து, "இன்னைக்கு முதலாளி டியூட்டி," என்று டீ குடிப்பார். பாபா காலையில் தானே எழுந்து ஷூவை நீட்டினார். நான் உள்ளே கைவிட்டுக் கல் பார்த்துக் கொடுப்பேன். பசித்தது அவருக்கு. தூங்கினார். சர்க்கரையும் கொஞ்சம் சொன்னபடி கேட்டது. முற்றத்து நாற்காலியில் பூனை படுக்க ஆரம்பித்தது.

நன்றாகிவிட்டால் நர்ஸ் எதற்கு? வாரம் ஒருதடவை யாராவது வந்து பாதத்தைப் பார்த்தால் போதும் என்று டாக்டர் சொன்னார். மகள் தயங்கித் தயங்கி என்னிடம் சொன்னாள். எனக்கு வருத்தமில்லை. ஒரே ஜன்னலில் வருஷக்கணக்காக விடிகிற ஆள் நான் இல்லை. பெட்டி கட்டுகிற நாளில் என் கால் கொஞ்சம் வேகமாகத்தான் நடக்கும்.

போகிற காலையில் கம்பெனி வேன் வாசலில் நின்றது. பாபா பாதிப் புல்வெளியில் இருந்தார். என்னைக் கண்டு, மரங்களுக்கிடையே வளைந்து வந்து, இன்ஜினை அணைத்தார். நெற்றியில் புல்துகள். நான் ஸலாம் சொன்னேன். தூக்கத்தைப் பற்றியும் மாத்திரையைப் பற்றியும் சொன்னேன். திரும்பவும் சொன்னேன். அவர் தலையாட்டினார். வேன்காரன் ஹாரன் அடித்தான்.

"போறவளுக்கு இவ்வளவு பேச்சா?" என்று சாவியைத் திருப்பினார். "யல்லா, கிளம்பு ஏட்டி. எனக்கு வேலை கெடக்கு."