அடுப்பங்கரையில் போட்ட இலை

புது மாவட்டம் பிரிந்த பிறகு வேலூரிலிருந்து என்னைத் திருவண்ணாமலைக்கு மாற்றினார்கள். நான் ஓர் அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்ட். அலுவலகங்கள் ஒவ்வொன்றாக ஊருக்கு வெளியே வேங்கிக்கால் பக்கம் வந்துகொண்டிருந்த காலம் அது. நானும் அங்கேயே ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்தேன். புதுத் தரை, கறை பிடிக்கும், அடுப்பு மூட்டக் கூடாது என்று வீட்டுக்காரர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். எனக்கும் சமையலில் பெரிய ஆசை இல்லை. மாவட்டத் தலைநகரம் ஆயிற்றே, சாப்பாட்டுக்கா பஞ்சம் என்று நினைத்தேன்.

கோயிலைச் சுற்றித்தான் ஓட்டல்கள். வேங்கிக்காலில் இருந்தவை வேறு ரகம். பஸ் நிற்கும் இடத்தில் ஒரு கீற்றுக் கொட்டகை ஓட்டல். நான் நுழைந்ததும் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆண்கள் அத்தனை பேரும் கையை நிறுத்தினார்கள். பரிமாறுகிறவர் ஓடி வந்து, "பார்சலாங்க?" என்றார். இல்லை, இங்கேயே சாப்பிடுகிறேன் என்றேன். அவர் முதலாளியைப் பார்த்தார், முதலாளி கூரையைப் பார்த்தார். கடைசியில் சுவரைப் பார்த்தபடி ஒரு ஸ்டூலைப் போட்டு என்னை உட்கார வைத்தார்கள். சுண்ணாம்பு உதிரும் சுவரோடு நான் சாப்பிட்ட முதல் சாப்பாடு அது. முதுகில் இருபது கண்கள் இருந்தன.

போளூர் ரோட்டில் ஒருவர் வெள்ளிக்கிழமை மட்டும் தேக்சாவில் பிரியாணி போட்டார். வாசனை எங்கள் டைப்ரைட்டர் வரைக்கும் வரும். நான் போய்ச் சேரும்போது அவர் தேக்சாவைக் கவிழ்த்துக் கழுவிக்கொண்டிருப்பார். "இன்னிக்கு கம்மியாதான் போட்டேன்மா" என்பார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அப்படியேதான் சொன்னார். கொஞ்சம் ஜாஸ்தியாகப் போட்டால் என்ன என்று ஒருநாள் கேட்டேன். மீந்துபோகுமே என்றார். என்றைக்காவது மீந்திருக்கிறதா என்று கேட்டதற்கு, இல்லை என்றார் பெருமையாக.

என் வயிற்றெரிச்சலைப் பார்த்து எங்கள் அலுவலக ஆயாதான் அந்த மெஸ்ஸைச் சொன்னாள். போர்டு கிடையாது. கல் நட்ட மனைகளுக்கு நடுவே ஓட்டு வீடு ஒன்று, முன்பக்கம் தகரத் தாழ்வாரம், அதில் இரண்டு பெஞ்சு. பக்கத்தில் கட்டட வேலை செய்கிறவர்களும் எங்களைப் போன்ற அலுவலகக்காரர்களும் அங்கே சாப்பிட்டார்கள். அந்த ஓட்டு வீட்டுக்காரர் பரிமாறுவார், அவர் மனைவி சமைப்பாள்.

முதல் நாள் நான் போய் நின்றதும் அவர் சங்கடப்படாமல், "பொம்பளைங்க உள்ள போயி குந்துங்க" என்றார். உள்ளே என்றால் சமையலறை. அவள் மனைப்பலகையைத் தள்ளிப்போட்டு, என் முன்னால் வாழையிலையை விரித்தாள். சூடான சோறு, கத்தரிக்காய் காரக்குழம்பு, கீரைக் கடைசல், ஓரத்தில் மல்லாட்டைத் துவையல். மல்லாட்டை என்றால் எங்கள் பக்கத்தில் வேர்க்கடலை. அந்தத் துவையலுக்காகவே வேலூரில் இருந்த என் அம்மாவை மறந்துவிடலாம் என்று தோன்றியது. முதல் வாயை வைக்கும்போது அவள் என்னிடம் சொன்னாள்:

"சோறு வடிச்சாச்சு. வந்து எடுத்துனு போவச் சொல்லு."

யாரிடம் சொல்வது என்று விளங்காமல் திரும்பினேன். அவள் கணவர் என் முதுகுக்குப் பின்னால், நிலைப்படியில்தான் நின்றுகொண்டிருந்தார். அவளுக்கும் அவருக்கும் நடுவே என் இலை மட்டும்தான் இருந்தது.

"இங்கதானே நிக்கிறாரு, அக்கா?"

"நீ சொல்லுமா."

சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, இன்னும் ஆறு பேர் இருக்கிறார்கள், குழம்பு பத்துமா என்று கேளுங்கள் என்றார். கேட்டேன். பத்தும், ரசத்தை முன்னால் ஊற்றச் சொல்லு என்றாள். அதையும் சொன்னேன். அப்படித்தான் அந்த உத்தியோகம் எனக்கு வந்து சேர்ந்தது. நான் வருவதற்கு முன்பு, உள்ளே உட்கார்ந்து சாப்பிட ஆளில்லாதபோது தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டார்களாம். அதுவும் இல்லாவிட்டால் அவள் கரண்டியால் பாத்திரத்தைத் தட்டுவாளாம்.

விஷயத்தை ஆயா சொன்னாள். வீட்டை ஒட்டி அவர்களுக்குக் கிணற்றோடு கொஞ்சம் நிலம் இருந்தது. ஆபீஸ்கள் வரப்போகின்றன என்று தெரிந்ததும் மனை விற்கிறவர்கள் வந்தார்கள். கணவர் மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கையெழுத்துப் போட்டுவிட்டார். அவள் மல்லாட்டை விதைத்து, முளை விட்டிருந்த சமயம். களை எடுக்கக் களைக்கொத்தோடு போனவள், பயிருக்கு நடுவே வெள்ளையடித்த கற்களைப் பார்த்தாள். வீட்டுக்குத் திரும்பி வந்தவள் அன்றையிலிருந்து அவரோடு பேசவில்லை. நிலம் போனபின் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாமல் அவள்தான் மெஸ்ஸை ஆரம்பித்தாள். அவர் தானாக வந்து பரிமாற நின்றுகொண்டார்.

கேட்டதும் எனக்கு அவள்மேல் பரிதாபம் வந்தது உண்மை. ஆனால் அந்தப் பரிதாபத்தை ஆறிப்போன ரசத்தோடு தினமும் சாப்பிட வேண்டியிருந்தது. சேதிகள் சோறு குழம்போடு நிற்கவில்லை. அவர் அக்கா வீட்டுக் கல்யாணத்துக்கு அவள் வரமாட்டாள், ஓட்டில் ஒழுகுகிற இடத்தை அவர் பார்க்கவே இல்லை, மகளுக்குப் பிரசவத் தேதி நெருங்குகிறது, எல்லாம் என் இலையைத் தாண்டித்தான் போயின. வாயில் சோற்றை வைத்துக்கொண்டு "கோழி கவுக்கற பஞ்சாரம் ஒடைஞ்சுபோச்சாம்" என்று சொல்லிப் பாருங்கள், தெரியும். ஆபீஸில் என்னைத் தூதர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

ஒருநாள் பொறுக்காமல் அவரிடமே கேட்டேன், ஒருமுறை மன்னிப்புக் கேட்டால் என்ன என்று. அவர் குரலைத் தாழ்த்தினார். "வாயில எப்படிங்க கேக்கறது? பொடவை எடுத்தாந்து குடுத்தேன்." உள்ளே திரும்பிப் பார்த்தேன். அந்தப் புடவையைக் கிழித்து அவள் பிடிதுணியாக வைத்துச் சோற்றுப் பானையை இறக்கிக்கொண்டிருந்தாள். நல்ல மாம்பழக் கலர்.

கோபித்துக்கொண்டு சில நாள் ரமணாசிரமம் பக்கம் போய்ச் சாப்பிட்டேன். அங்கே வெளிநாட்டுக்காரர்களுக்காக வைத்திருந்த கடையில் பெண் தனியாக உட்கார்ந்தால் யாரும் பார்க்கவில்லை. சாப்பாட்டையும் யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. வெந்த காய்கறியை உப்பில்லாமல் கொண்டுவந்து வைத்துவிட்டு, மெதுவாகச் சாப்பிடுங்கள் என்று புன்னகைத்தார்கள். காரக்குழம்பு நினைப்பில் நான் வேங்கிக்காலுக்கே திரும்பினேன். அவள் வழக்கம்போல மனைப்பலகையைத் தள்ளிப்போட்டாள். இலையைப் போட்டுவிட்டு, "அப்பளம் தீந்துபோச்சுன்னு சொல்லு" என்றாள்.

தொண்ணூறுகளில் பௌர்ணமிக்கு மலை சுற்ற வரும் கூட்டம் வருஷத்துக்கு வருஷம் பெருகியது. பௌர்ணமியன்று வேங்கிக்காலில் பஸ்ஸில் ஏற முடியாது, டீக்கடையில் டீ கிடைக்காது. இந்தக் கூட்டத்தைப் பார்த்து அவருக்கும் ஆசை வந்தது. அடி அண்ணாமலையில், மலை சுற்றும் பாதையில், தெரிந்தவர் இடத்தில் ஒரு நாள் கடை போடலாம் என்றார். எலுமிச்சைச் சோறு, புளிச்சோறு, வடை. அவளும் சரி என்றாள், எல்லாம் என் வழியாகத்தான். பிறகு இரண்டு பேரும் சேர்ந்தாற்போல என்னைப் பார்த்தார்கள். அந்தச் சித்திரைப் பௌர்ணமி எனக்கு விடுமுறை நாள். துணி துவைத்துவிட்டுத் தூங்கலாம் என்று வைத்திருந்தேன்.

போனேன். ஏன் போனேன் என்று இன்றைக்கும் எனக்கே எரிச்சலாக இருக்கிறது.

புளியமரத்தடியில் தார்ப்பாய் கட்டி, கல் கூட்டி இரண்டு அடுப்பு. ஒன்றில் அவள் சோறு வடித்தாள், இன்னொன்றில் அவர் வடை சுட்டார். இன்னொரு பக்கம் டிரம்மில் நீர்மோர். மத்தியானத்திலிருந்தே ஜனங்கள் வந்துகொண்டே இருந்தார்கள். நான் நடுவில். மாவில் உப்பு பார்க்கச் சொல்லு, தொன்னை எங்கேன்னு கேளுங்க, அந்தப் பக்கத்து அடுப்பு ஏன் அப்படி எரியுது, விறகை இழுக்கச் சொல்லு. இதற்கிடையில் வருகிறவர்கள் எல்லாம் என்னிடமே பாத்ரூம் எங்கே, அடுத்த லிங்கம் எங்கே, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்கள். காலையிலிருந்து நான் பச்சைத் தண்ணீர் தவிர ஒன்றும் சாப்பிடவில்லை.

"எண்ணெய் ஜாஸ்தி காயுதுன்னு சொல்லுமா" என்றாள் அவள்.

"நீங்களே சொல்லுங்கக்கா. நான் சோறு துன்னத்தான் உங்க ஊட்டுக்கு வந்தேன்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்துவிட்டேன்.

கொஞ்ச தூரத்தில் வேறொரு கடையில் தயிர்சாதம் வாங்கினேன். வாயில் வைக்க முடியாத புளிப்பு. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மதகின்மேல் உட்கார்ந்திருந்தபோது பின்னால் சத்தம் கேட்டது. திரும்பினால் எங்கள் தார்ப்பாயிலிருந்து புகை.

ஓடிப்போய்ப் பார்த்தேன். எண்ணெய் தீப்பிடித்து, தார்ப்பாயின் மூலை எரிந்திருக்கிறது. அடுப்புக்கு முதுகைக் காட்டிக் குனிந்து வடை தட்டிக்கொண்டிருந்த அவர் கவனிக்கவில்லை. "யோவ், தலைக்கு மேல பாரு" என்று அவள் கத்தியிருக்கிறாள். அவர் நிமிர்ந்து, கைக்கு எட்டிய நீர்மோரை வாளியில் மொண்டு தார்ப்பாயின்மேல் வீசியிருக்கிறார். பக்கத்துக் கடைக்காரர்கள் சாக்கைப் போட்டு எண்ணெய்ச் சட்டியை மூடியிருக்கிறார்கள். யாருக்கும் காயமில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது இருவர் தலையிலும் கறிவேப்பிலை ஒட்டியிருந்தது, மோர் வடிந்துகொண்டிருந்தது. இருவரும் தொண்டை கிழியச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

எண்ணெய்க்கான சண்டை இல்லை. நிலத்துக்கான சண்டை.

"மொளை உட்டதைப் பாத்துட்டுதானே கையெழுத்துப் போட்ட? மனை விக்கறவங்க வந்தப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் விதைச்சிருப்பனா?" என்றாள் அவள்.

"சொன்னா நீ உட மாட்டியேன்னுதான் சொல்லலை" என்றார் அவர். தலையில் ஒட்டிய கறிவேப்பிலையை எடுத்துப் போட்டுவிட்டு, "தப்புதான்" என்றார்.

மலை சுற்ற வந்தவர்கள் தொன்னையோடு வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெரியவர் புளிச்சோறாவது கிடைக்குமா என்று கேட்டார். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவருக்குச் சோறு போட்டாள். அப்புறம்தான் என்னைப் பார்த்தாள். "நீ எங்க போயி தொலைஞ்ச?" என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது, பாதி பசி, பாதி கோபம்.

இனிமேலாவது சூடாகச் சாப்பிடலாம் என்று நினைத்தேன். எங்கே. பல வருஷம் பேசாமல் வைத்திருந்ததையெல்லாம் அவர்கள் பேச ஆரம்பித்தார்கள். என் தலைக்கு மேலேதான். முன்பாவது சேதி சொல்லிவிட்டுச் சாப்பிடலாம், இப்போது தீர்ப்பும் சொல்ல வேண்டும். "நீயே சொல்லுமா, யாரு பக்கம் நியாயம்?" என்பாள். உங்கள் பக்கம் என்றால் அவர் மோர் ஊற்ற மறந்துவிடுவார். அவர் பக்கம் என்றால் துவையல் வராது.

மெஸ் வீட்டுக்குப் பின்னால், அவர்கள் விற்ற நிலத்தில் ஒரு மனை கட்டடம் எழும்பாமல் கிடந்தது. செங்கம் பக்கத்து வாத்தியார் ஒருவர் வாங்கிப் போட்டது. அவள் கேட்காமலேயே கணவர் பஸ் ஏறிப்போய், வீடு கட்டுகிற வரைக்கும் அதில் மல்லாட்டை போட்டுக்கொள்ள அனுமதி வாங்கிவந்தார். ஆடியில் அவள் விதைத்தாள். அந்தச் செடிகள் தரையில் படர்ந்து, பூ விட்டு, விழுது இறங்கும் சமயத்தில், ஆவணியில், வாத்தியார் மேஸ்திரியையும் ஐயரையும் கூட்டிக்கொண்டு பூமி பூஜைக்கு வந்து நின்றார்.

நான் சாப்பிட உட்கார்ந்த நேரம். கணவனும் மனைவியும் ஒரே சமயத்தில் பேசியதில் வாத்தியாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "நீங்க ஆபீஸ்காரங்க, எடுத்துச் சொல்லுங்க" என்று என்னை எச்சில் கையோடு இழுத்துப்போனார்கள். மூலையில் பூஜையை முடித்துக்கொண்டு, கடைக்கால் தோண்டுவதை மல்லாட்டை பிடுங்கும்வரை தள்ளிப்போட முடியுமா என்று கேட்டேன். மேஸ்திரி முணுமுணுத்தார். வாத்தியார் செடிகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எங்கள் வீட்டிலும் மல்லாட்டைதான் போடுவோம் என்று சொல்லிவிட்டு, ஐப்பசிக்கு வருகிறேன் என்றார். ஈசானிய மூலையில் பூஜைக்கு இடம் வேண்டும் என்று அவளே போய் சில செடிகளைப் பிடுங்கிக் கொடுத்தாள். காயெல்லாம் இன்னும் பாலாக இருந்தது.

நான் திரும்பி வந்தபோது என் இலையைக் கோழி கிளறிவிட்டிருந்தது.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மல்லாட்டை பிடுங்கினார்கள். ஆள் கிடைக்கவில்லை என்று எனக்குச் சொல்லி அனுப்பினார்கள். முதல் நாள் பெய்த மழையில் மண் பிசுபிசுவென்று இருந்தது. நகக்கண்ணெல்லாம் சேறு, இடுப்பு விட்டுப்போனது. அவித்துத் தின்பதா வறுப்பதா என்று அவர்கள் காலையிலிருந்து சாயங்காலம்வரை சண்டை போட்டார்கள். கடைசியில் அங்கேயே கல் கூட்டி ஒரு பானை அவித்தாள். மூன்று பேரும் வரப்பில் உட்கார்ந்து தோலை உரித்துத் தின்றோம். உப்பு கம்மி என்று அவர் சொன்னார். இல்லை என்று நான் நினைத்தேன், ஆனால் வாயைத் திறக்கவில்லை.

மழையெல்லாம் ஓய்ந்து, தை பிறந்ததும் வாத்தியார் வீடு கட்ட ஆரம்பித்தார். அவருடைய கொத்தனார்கள் அத்தனை பேருக்கும் அந்த மெஸ்ஸில்தான் சாப்பாடு.