எந்த ஊசி என்று தெரியாத ஆடுகள்

அந்த மழை மாதங்களில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்திருந்தது. யாரைப் பார்த்தாலும் என் கண் அவர்களுடைய கீழ் இமைக்குத்தான் போகும். ஈப்போ நகரத்துப் புந்தோங்கில் எங்கள் வீட்டுக்கு எதிரே மாமாக் சாப்பாட்டுக் கடையில் ரொட்டி வீசுகிறவர், கோயில் வாசலில் பூ கட்டும் அக்கா, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர், யாராக இருந்தாலும் இமையின் உட்புறம் சிவப்பா, வெளுப்பா என்று பார்ப்பேன். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்த என் கணவரின் இமையை விரலால் இழுத்தே பார்த்துவிட்டேன். தான் ஆடு இல்லை என்று சொல்லிவிட்டு அவர் ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

ஈப்போவில் ஒரு கால்நடை ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை. செம்மறியாட்டின் வயிற்றில் ஒரு புழு வரும். ஊசி நீளம்தான் இருக்கும், சிவப்பும் வெள்ளையும் முறுக்கிவிட்ட நூல் மாதிரி. அது வயிற்றுச் சுவரைக் கடித்து ரத்தம் குடிக்கும். ஒன்றிரண்டு இருந்தால் ஆட்டுக்கு ஒன்றுமில்லை. மழைக்காலத்தில் புல்லின் ஈரத்தில் குஞ்சுப்புழுக்கள் ஏறி உட்கார, மேய்கிற ஆடு ஒவ்வொரு வாயிலும் அவற்றை விழுங்கும். கொஞ்ச நாளில் இமை வெளுத்துவிடும். பிறகு தாடைக்குக் கீழே நீர் கோத்துப் பை மாதிரி தொங்கும். அதற்குப் பிறகு அதிக நேரம் இல்லை.

பூச்சி மருந்து இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. வருடக்கணக்காக அதையே கொடுத்துக் கொடுத்து, பல பண்ணைகளில் புழுக்களுக்கு அது பழகிவிட்டது. அதனால்தான் தடுப்பூசி. புழுவின் குடலில் இருந்து ஒரு புரதத்தைப் பிரித்து ஆட்டுக்குப் போட்டால், ஆட்டின் ரத்தத்தில் அதற்கு எதிர்ப்பு உண்டாகும். அந்த ரத்தத்தைக் குடிக்கிற புழுவுக்குக் குடல் கெட்டுப்போகும். ஆய்வுக்கூடத்துக் கொட்டகையில், காய்ந்த தீவனம் தின்கிற ஆடுகளிடம் அது நன்றாகவே வேலை செய்தது. உண்மையான மழையில், உண்மையான புல்லில் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டியிருந்தது.

பீடோருக்குப் பக்கத்தில், முன்பு ரப்பர் பால்மரத் தோட்டமாக இருந்து இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனையாகிவிட்ட ஓரிடத்தில் ஒரு கணவன் மனைவி செம்மறி வளர்த்தார்கள். அவர் முன்பு லோரி ஓட்டியவர். முதுகு வலியால் அதை விட்டுவிட்டு, செம்பனைக்கு அடியில் மேய்க்கத் தோட்டத்தில் அனுமதி வாங்கி ஆடுகளை இறக்கியிருந்தார். ஆனால் ஆடுகளோடு முழுநாளும் கிடந்தது அவர் மனைவிதான். நான் அவரை அண்ணே என்றும் அந்த அம்மாவை அக்கா என்றும் கூப்பிட்டேன். எங்கள் பரிசோதனைக்குச் சம்மதித்தது அண்ணன். நான் காரில் ஏறும்போது அக்கா பக்கத்தில் வந்து, தன் ஆடுகளை வைத்துத்தான் பரீட்சை எழுத வேண்டுமா என்று கேட்டார்.

பாதி ஆடுகளுக்குத் தடுப்பூசி. மீதிப் பாதிக்கு அதே நிறத்தில், மருந்தில்லாத ஊசி. எது எதற்கு என்பது ஈப்போவில் எங்கள் தலைமை டாக்டர் ஒருவருக்குத்தான் தெரியும். ஊசி போட்ட எனக்கே தெரியாது. தெரிந்தால் என் கண் எனக்குப் பிடித்தபடி பார்க்கும். அதனால் இந்த ஏற்பாடு. அது சரிதான் என்று இப்போதும் சொல்வேன்.

ஆனால் அந்த ஏற்பாட்டோடு வாழ்வது வேறு. மழை பிடித்த பிறகு என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. மைக்ராஸ்கோப்பின் முன் உட்காருவேன், புழுக்கையில் முட்டைகளை எண்ணுவேன், பாதியில் எழுந்து சன்னலுக்குப் போவேன். மேகம் தெற்கே நகர்ந்தால் பீடோரில் இப்போது கொட்டும் என்று நினைப்பேன். போக வேண்டிய நாட்கள் போக, தேவையில்லாத நாட்களிலும் நெடுஞ்சாலையில் கிளம்பிவிடுவேன். போனதும் அக்கா ஏன் வந்தாய் என்று கேட்கமாட்டார். சும்மா ஒரு ஆட்டைப் பிடித்துக் கொடுப்பார். நான் இமையை இழுத்துப் பார்ப்பேன். அவரும் குனிந்து பார்ப்பார்.

மந்தைக்கு முன்னால் நடக்கும் ஒரு தாயாடு இருந்தது. முகம் மட்டும் கறுப்பு. இரட்டைக் குட்டி போட்டிருந்தது. ஒரு காலை அண்ணன் போன் செய்து, அதற்குத் தாடை வீங்கியிருக்கிறது என்றார். நான் போனபோது அது கொட்டகையின் மரச்சட்டத் தரையில் படுத்திருந்தது, குட்டிகள் மடியை முட்டிக்கொண்டிருந்தன. இமை வெள்ளைத்தாள் மாதிரி. விதிப்படி அந்த நிலையில் எந்த ஊசி போட்ட ஆடாக இருந்தாலும் பூச்சி மருந்து கொடுத்துவிட வேண்டும். கொடுத்தேன். மறுநாளும் அது தேறவில்லை. வேறு மருந்து, அதைவிட வலுவானது, கொடுத்தோம். அதற்கடுத்த நாள் மதியத்துக்கு முன் போய்விட்டது.

அறுத்துப் பார்க்க வேண்டும் என்று சொன்னேன். அண்ணன் குட்டிகளைத் தூக்கிக்கொண்டு அப்பால் போனார். அக்கா போகவில்லை. வயிற்றைத் திறந்தபோது உட்சுவரே தெரியவில்லை, அவ்வளவு புழு. நெளிந்துகொண்டிருந்தன. நான் அவற்றைக் கழுவி ஐஸ் பெட்டிக்குள் போடுவதை அக்கா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அதை எதுக்கு எடுக்குற?"

"எண்ணிப் பார்க்கணும்க்கா. ஊசி மருந்தும் இதுலேர்ந்துதான் செய்றோம்."

அவர் குனிந்து ஆட்டின் காது நம்பரைப் பார்த்தார்.

"இது உங்க மருந்து போட்ட ஆடா, இல்ல சும்மா தண்ணி போட்டதா?"

"எனக்குத் தெரியாதுக்கா."

"ஊசி போட்டது நீதான?"

"நான்தான். ஆனா எனக்கும் சொல்லமாட்டாங்க. ஈப்போல எங்க டாக்டருக்கு மட்டும்தான் தெரியும்."

"அப்ப போன் போட்டுக் கேளு."

கையுறையைக் கழற்றினேன். போன் பையில்தான் இருந்தது. கேட்டால் ஒருவேளை அவர் சொல்லியிருப்பார். ஆனால் ஒரு ஆட்டைப் பற்றித் தெரிந்துவிட்டால், அந்த மந்தையை மறுபடி பழைய கண்ணால் பார்க்க முடியாது. கேட்கமாட்டேன் என்று அக்காவிடம் சொன்னேன். எப்போது வேண்டுமானாலும் அவர்கள் ஆடுகளை விலக்கிக்கொள்ளலாம், அதற்கு யாரும் தடை சொல்ல முடியாது என்பதையும் சொன்னேன். அதைச் சொல்லும்போது, விலக்கிவிட்டால் இத்தனை நாள் உழைப்பும் போய்விடுமே என்று உள்ளே ஒன்று துடித்ததும் உண்மை.

அண்ணன் திரும்பி வந்து, கொடுத்த வார்த்தை கொடுத்ததுதான், நடக்கட்டும் என்றார். அக்கா அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"குட்டி வச்சிருக்கிற தாயாடு எதையும் இதுல சேர்க்காத. மத்தது இருக்கட்டும். இந்த மழ முடியிற வரைக்கும்தான் லா."

அப்படியே செய்தோம். டாக்டரிடம் போனில் சொன்னபோது எத்தனை ஆடுகள் மிஞ்சும் என்று கேட்டார். பிறகு அது அவர்கள் உரிமை என்றார். மிச்சமிருந்த ஆடுகள் கொஞ்சம்தான். அவற்றை வைத்து எதையாவது உறுதியாகச் சொல்ல முடியுமா என்று எனக்குச் சந்தேகமாகவே இருந்தது. முட்டைகளை எண்ணினேன். சில ஆடுகளிடம் கூட்டம் கூட்டமாக, சிலவற்றிடம் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு வாரம் ஆடுகள் இரண்டு கூட்டமாகப் பிரிகிற மாதிரித் தெரியும். அடுத்த வாரம் அப்படித் தெரியாது.

மழை ஓய்ந்த பிறகு ஒரு நாள் டாக்டர் எங்களை உட்காரவைத்து எந்த ஆட்டுக்கு எது என்று வாசித்தார். முட்டை குறைவாக இருந்தவற்றில் பெரும்பாலானவை தடுப்பூசி போட்டவை. வெளுத்துப்போனவற்றில் பெரும்பாலானவை போடாதவை. மேஜையைச் சுற்றி எல்லாருக்கும் சிரிப்பு. நான் கறுப்பு முகத்தைப் பற்றிக் கேட்டேன். அது தடுப்பூசி போட்ட ஆடு. இரட்டைக் குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த உடம்பில் எதிர்ப்பு ஏறியிருக்காது என்றார் டாக்டர்.

இதை அவர்களுக்குப் போனிலேயே சொல்லியிருக்கலாம். முடியவில்லை. அன்று மாலையே பீடோருக்குப் போனேன். அக்கா கொட்டகைக்குப் பக்கத்தில் புல் அறுத்துக்கொண்டிருந்தார். தாயில்லாத குட்டிகளில் ஒன்று பிழைத்து அவர் பின்னால் நின்றது, மற்றது முன்பே இறந்துவிட்டது. நான் நின்றுகொண்டே சொன்னேன், அந்த ஆட்டுக்கு எங்கள் மருந்துதான் போட்டோம், அது காப்பாற்றவில்லை, மற்ற பலதையும் காப்பாற்றியிருக்கிறது என்று.

அவர் அரிவாளைக் கீழே வைத்தார். மருந்து வேலை செய்த ஆடுகள் எவை என்று காட்டச் சொன்னார். காது நம்பரைப் பார்த்துப் பார்த்துக் காட்டினேன். ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

"அப்ப மிச்சத்துக்கும் போட்டுடு."

"மருந்து தீர்ந்துபோச்சுக்கா. அடுத்தது செய்ய நாளாகும்."

"அடுத்த மழைக்குள்ள வருமா?"

தெரியாது என்றேன். அந்த வார்த்தையை எத்தனை தடவைதான் அவரிடம் சொல்வது என்று எனக்கே கூச்சமாக இருந்தது. அவர் அதற்குக் கோபப்படவில்லை. மழையில் ஆடுகளைத் தாழ்வான பக்கம் விடாமல் மேட்டில் மேய்க்கலாமா, பால் கொடுக்கிறவற்றைக் கொட்டகையிலேயே கட்டிப் புல் போடலாமா என்று கேட்டார். இரண்டுமே நல்லது என்றேன். இருட்டுவதற்குள் மேட்டுப் பக்கம் நடந்து பார்த்துவிட்டு வந்தோம்.

கிளம்பும்போது கார் கதவருகே வந்தார்.

"அடுத்த தடவ ஊசி கொண்டாந்தா எனக்குப் போன் பண்ணு, தங்கச்சி. அவருக்கு வேணாம்."

அவருடைய நம்பரை வாங்கிக்கொண்டேன். பால் கொடுக்கிற ஆடுகளுக்குக் கூடுதலாக ஒரு ஊசி போட்டால் எதிர்ப்பு ஏறுமா என்று, புதிதாகச் செய்த கொஞ்ச மருந்தை வைத்து ஆய்வுக்கூடத்துக் கொட்டகையில் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறோம். இன்னும் எதுவும் சொல்ல முடியவில்லை. அக்கா இரண்டு தடவை கூப்பிட்டுக் கேட்டுவிட்டார். மூன்றாவது தடவை கூப்பிடுவதற்குள் ஏதாவது சொல்ல வேண்டும் என்று காலையில் எல்லாருக்கும் முன்னால் நான் ஆய்வுக்கூடத்துக்குப் போய்விடுகிறேன்.