கண்டக்டர் டீச்சருக்கு வைத்த பரீட்சை

உதயகுமாருக்கு வாலிபால் விதிப்புத்தகம் தலைகீழ்ப் பாடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எந்த விதி எந்தப் பக்கத்தில் என்று சொல்லிவிடுவார். ஹனூர்ப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு மைசூர் வந்த குடும்பத்துப் பிள்ளை. வாரநாட்களில் தொழிற்பேட்டையில் மெஷின் ஆபரேட்டர். ஞாயிற்றுக்கிழமை வந்தால் வெள்ளைச் சட்டையும் விசிலுமாக வலைக்குப் பக்கத்து இரும்பு ஏணியில் ஏறி நிற்பார். இருபத்திரண்டு வருஷமாக நடுவர், ஒன்பது வருஷமாக நடுவர் சங்கத்தின் செயலாளர். வீட்டுக்கு வந்தாலாவது ஏணியை விட்டு இறங்கக் கூடாதா என்று மனைவி பாக்கியலட்சுமி கேட்பாள். இறங்கிப் பழக்கமில்லை அவருக்கு.

சங்கத்தில் ஒரு குறை இருந்தது. ஐந்து வருஷத்தில் நாற்பத்தோரு பேர் நடுவர் பரீட்சையில் தேறினார்கள். நிலைத்தவர்கள் ஏழே பேர். மீதிப் பேர் ஏன் போனார்கள் என்று யாரும் கேட்டதில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை என்று ஒரு பதில் கைவசம் இருந்ததால் கேட்க வேண்டிய அவசியமும் வரவில்லை. மாநிலச் சங்கத்தார்தான் கணக்கைப் பார்த்துவிட்டு, நடுவர்களை வளர்த்து நிலைநிறுத்த சம்பளத்தோடு தனியாக ஓர் ஆளை எடுக்கிறோம் என்றார்கள்.

உதயகுமார் மனசுக்குள் கோட்டையே கட்டிவிட்டார். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார வேண்டியதுதான் பாக்கி. விளம்பரம் வந்தபோது ஒரு வரியை நாலு தடவை படித்தார். இந்த விளையாட்டில் முன் அனுபவம் கட்டாயமில்லை என்று போட்டிருந்தது. அச்சுப்பிழையாக இருக்கும் என்று விண்ணப்பித்தார். வேலை மாதேவிக்குக் கிடைத்தது.

மாதேவி கொள்ளேகால்காரர், தமிழும் கன்னடமும் ஒன்றுபோலப் பேசுவார். ஒரு தனியார் பஸ் கம்பெனியில் பதினோரு வருஷம் கண்டக்டர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். சில்லறைக்கு மல்லுக்கட்டுகிறவர்களையும் ஸ்டாப்பில் நிறுத்தவில்லை என்று சட்டையைப் பிடிக்கிறவர்களையும் எப்படிச் சமாளிப்பது என்று சொல்லிக்கொடுத்தவர். வாலிபால் ஆடியதே இல்லை. சங்கத்தில் அன்றே அவருக்குக் கண்டக்டர் டீச்சர் என்று பெயர் விழுந்தது. அந்தப் பெயரை வைத்தது உதயகுமார்தான். விசில் விஷயத்தில் அந்தம்மாவும் நமக்குச் சொந்தம்தான், ரெண்டு விசில் அடித்தால் ரைட் போகலாம் என்று அவர் சொன்னதற்கு எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கடைசி ஆட்டம் முடிந்ததும் மூத்த நடுவர்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்காருவார்கள். புதியவர்கள் நடுவில் நிற்க வேண்டும். அன்றைக்கு யார் என்ன தப்புப் பண்ணினார்கள் என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் அதை நடித்துக் காட்டுவார். உதயகுமாரும் ஒரு காலத்தில் அந்த நடுவில் நின்று கூனிக் குறுகியவர்தான். அதனால்தான் தேறினோம் என்று உண்மையாகவே நம்பினார்.

வந்த முதல் மாதமே மாதேவி இதைப் பார்த்தார். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து உதயகுமாரிடம் தனியாக வந்து பேசினார்.

"சார், டிப்போவுல நான் இப்படி ஒரு நாள் பண்ணியிருந்தா, மறுநாள் காலையில பஸ் எடுக்க ஆள் இருக்காது. மூணு மாசத்துக்கு இதை நிறுத்திப் பாருங்களேன்."

அவர் கேட்டது அதிகமில்லை. மூத்தவர் ஒருவர் மட்டும், தப்புப் பண்ணியவரோடு தனியாக, இரண்டு பேரும் உட்கார்ந்து பேசட்டும் என்றார். உதயகுமாருக்கு அது சுருக்கென்று தைத்தது. வலைக்கும் நடுக்கோட்டுக்கும் வித்தியாசம் தெரியாதவர் தனக்குப் புத்தி சொல்வதா என்று பொருமினார். வழக்கம் நிற்கவில்லை. மாதேவியும் சண்டைக்கு வரவில்லை. பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, விட்டுப்போன முப்பத்துநாலு பேருக்கும் ஒவ்வொருவராகப் போன் பண்ணத் தொடங்கினார். பகலெல்லாம் போனும் கையுமாக இருக்கிறவரைப் பார்த்து, வெட்டிப் பேச்சுக்குச் சம்பளமா என்றார் உதயகுமார்.

மாதேவிக்கு ஆறு மாதம் முடிந்ததும், தொடர்ந்து வேலையில் வைத்துக்கொள்ளலாமா என்று செயலாளர் அறிக்கை தர வேண்டும். உதயகுமார் ஒரு காரியம் செய்தார். நடுவர்களுக்கு வைக்கிற விதிப் பரீட்சையை மாதேவிக்கும் வைத்தார். கேள்வித்தாளைத் தானே எழுதினார், வேண்டுமென்றே கடினமாக. மாதேவி மறுக்காமல் உட்கார்ந்து எழுதினார். நூற்றுக்கு முப்பத்தொன்று வந்தது. விதி தெரியாதவரால் நடுவர்களை வளர்க்க முடியாது என்று அறிக்கை போனது. பத்து நாளில் மாதேவி மேஜையைக் காலி செய்துகொண்டு எல்லோரிடமும் சொல்லிவிட்டுக் கிளம்பினார். அந்த இடத்துக்கு உதயகுமாரை எடுப்பார்கள் என்று பார்த்தால், மாநிலச் சங்கத்தார் பதவியையே ரத்து செய்துவிட்டார்கள்.

தசரா முடிந்ததும் வினை வந்தது. மாவட்டங்களுக்கு இடையேயான பெண்கள் போட்டி முதல் தடவையாக மைசூருக்குக் கிடைத்திருந்தது. ஒன்பது வருஷமாகக் கடிதம் எழுதி எழுதி உதயகுமார் வாங்கியது அது. பன்னிரண்டு உள்ளூர் நடுவர்கள் வேண்டும், இல்லையென்றால் வேறு மாவட்டத்துக்குப் போய்விடும். மூத்தவர்களில் பாதிப் பேருக்கு முழங்கால் போயிருந்தது, நிலைத்த ஏழு பேரைச் சேர்த்தும் ஆள் போதவில்லை. பழைய பட்டியலை எடுத்துக்கொண்டு அவரே வீடு வீடாக அலைந்தார். வாங்க, டீ குடிங்க என்று உபசரித்தவர்கள் யாரும் வருகிறேன் என்று சொல்லவில்லை. கடைசியாகச் சோனியாவைத் தேடிப் போனார்.

சோனியா அவர் தெருப் பெண், அவர் ஊர்க்காரர் ரத்தினவேலின் மகள். பரீட்சையில் முதலாவதாக வந்தவள். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் நடந்த ஒரு போட்டியில் கோட்டு நடுவராக நின்றபோது, வெளியே விழுந்த பந்துக்கு உள்ளே என்று கொடி காட்டிவிட்டாள். ஆட்டம் அதில் திரும்பிவிட்டது. அன்று நாற்காலி வட்டத்துக்கு நடுவில் கொடியோடு அவளை நிறுத்தி, அந்த விதியை மூன்று முறை உரக்கச் சொல்ல வைத்தார் உதயகுமார். அவளும் சிரித்தபடியேதான் சொன்னாள். அடுத்த வாரத்திலிருந்து வரவில்லை. கல்யாணம் ஏதாவது கூடியிருக்கும் என்று சங்கத்தில் பேசிக்கொண்டார்கள்.

கல்யாணமெல்லாம் ஒன்றுமில்லை. சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் வேலையில் இருந்தாள். டீ நேரத்தில் வெளியே வந்தவளிடம் உதயகுமார் விஷயத்தைச் சொன்னார். கெஞ்சினார் என்றே சொல்லலாம்.

"மாதேவி மேடம் எனக்கு நாலு தடவை போன் பண்ணாங்கண்ணா," என்றாள் சோனியா. "வான்னு ஒரு தடவகூடச் சொல்லல. அன்னைக்கு என்ன நடந்துச்சு, நீ என்ன பார்த்தேன்னுதான் கேட்டாங்க. நாலாவது தடவதான் நான் வாயத் தொறந்தேன். நானாத்தான் திரும்ப வர்றேன்னு சொன்னேன்."

"அப்புறம் ஏம்மா வரல?"

"வந்தேனுங்கண்ணா. அவங்க வேலைய விட்டுப் போனாங்கல்ல, அந்த வாரம் ஞாயித்துக்கிழமை. தான் இல்லாட்டியும் உதயகுமார் சார் பாத்துக்குவார், நீ போன்னு சொல்லியிருந்தாங்க. வெள்ளச் சட்டை போட்டுட்டு கேட் வரைக்கும் வந்தேன். நீங்கெல்லாம் சேர்ல உக்காந்து சிரிச்சிட்டிருந்தீங்க. மேடத்தோட பரீட்சைப் பேப்பர நீங்க படிச்சுக் காட்டிட்டிருந்தீங்க."

உதயகுமாருக்கு அந்த ஞாயிறு நன்றாக நினைவிருந்தது.

"லைன் ஜட்ஜ் தப்பாக் கொடி காட்டினா மெயின் ரெஃப்ரி என்ன செய்யணும்னு ஒரு கேள்வி. அவங்க மொதல்ல அந்தப் பொண்ணு என்ன பார்த்தான்னு அவகிட்டயே கேக்கணும்னு எழுதியிருந்தாங்க. நீங்க அதை அவங்க குரல்லயே சொன்னீங்க. எல்லாரும் கை தட்டினாங்க." அவள் குரலில் கோபம் இல்லை. "அந்தப் பொண்ணு நான்தானுங்கண்ணா. அப்படியே திரும்பிட்டேன்."

டீ நேரம் முடிந்து அவள் உள்ளே போனாள். அந்த வரிக்காக மாதேவியின் குரலை எப்படி இழுத்து மெல்லிசாக்கினார், யார் யார் தொடையில் தட்டிச் சிரித்தார்கள் என்பதெல்லாம் உதயகுமாருக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. அந்தக் கேள்விக்குப் பூஜ்யம் போட்டிருந்தார். வெட்கமாக இருந்தது. ஐம்பத்துநாலு வயதில் இப்படி ஒரு வெட்கம் வரும் என்று அவர் நினைத்ததில்லை.

போட்டி வேறு மாவட்டத்துக்குப் போனது. கடிதம் வந்த அன்று சாயங்காலம் மாதேவிக்குப் போன் பண்ணினார். அவர் ஹாசனில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். உதயகுமார் தட்டுத்தடுமாறி, பரீட்சை வைத்தது தப்பு, தன்னை மன்னிக்க வேண்டும் என்றார். அதெல்லாம் எதுக்கு சார், விதி எனக்குத் தெரியாதது நிஜம்தானே என்று மாதேவி சொல்லிவிட்டார். பாக்கியலட்சுமியின் சுகர் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். போனை வைக்கப் போகும்போது, ஞாபகம் வந்தவராகக் கேட்டார்.

"சோனியாவை வரச் சொல்லியிருந்தேனே சார், வந்தாளா?"

உதயகுமார் போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினார்.

"கேட் வரைக்கும் வந்துச்சுங்க மேடம்," என்றார்.