கைத்துப்பாக்கிக்குத் தோட்டா பார்க்கப் போன நாள்

ஜெர்மனியில், வுப்பர்டால் நகரத்தில் எனக்கு ஒரு சின்னத் தையல் கடை இருக்கிறது. காற்சட்டை கட்டையாக்குவது, சிப் மாற்றுவது மாதிரியான திருத்த வேலைகள்தான். நாலு பேர் நின்றால் கடை நிரம்பிவிடும். போன மார்கழியில் ஒரு பின்னேரம் தொப்பியை முகத்துக்கு இழுத்துவிட்ட ஒருவன் உள்ளே வந்து கத்தியைக் காட்டினான். காசுப்பெட்டியையும் என் கைபேசியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான். என் உடம்பில் ஒரு கீறலும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒரு தையல்கூட நேராக வரவில்லை.

ஒரு கிழமை கழித்து என் கணவர், தன்னோடு வேலை செய்யும் ஒருவரிடம் வாங்கிவந்த ஒரு சின்னக் கைத்துப்பாக்கியைச் சாப்பாட்டு மேசையில் வைத்தார். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். இங்கே அதை ஷ்ரெக்‌ஷுஸ் என்பார்கள். குண்டு பாயாது. சத்தம் வரும், போடுகிற தோட்டாவைப் பொறுத்துக் காரமான புகையும் வரும். சொந்தக் கடைக்குள் வைத்திருக்கலாம்.

"தோட்டா நாங்கள்தான் வாங்கவேணும். சனிக்கிழமை போவம்" என்றார்.

எனக்குத் திகைப்பு. யுத்தத்துக்குள் வளர்ந்த மனிதர் அவர். புத்தாண்டு பிறக்கும்போது ஊரே வாணம் விட, இவர் யன்னல்களை இறுக்கிச் சாத்திவிட்டுக் குளியலறைக்குள் போய் இருந்துகொள்வார். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அப்படித்தான்.

"இஞ்சேருங்கோ, உங்களுக்கு இது ஏலுமே?"

"எனக்கில்லைத்தானே. உமக்கு."

துப்பாக்கிக் கடையில் நின்றது என்னைவிடக் கொஞ்சம் மூத்த ஒரு ஜெர்மன் பெண். மூன்று சின்னப் பெட்டிகளை எடுத்து முன்னால் வைத்தார். ஒன்று வெறும் சத்தம். மற்றது கண்ணீர்ப்புகை. மூன்றாவது மிளகாய்க் காரம். என் கணவர் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, எது தூரம் போகும், எது கெதியில் வேலை செய்யும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

"எங்கே சுடப்போகிறீர்கள்?" என்று அந்தப் பெண் என்னைப் பார்த்துக் கேட்டார்.

கடையைச் சொன்னேன். யன்னல் திறக்காது, நான் இருப்பது உள்மூலையில், வாசல் பக்கம் நிற்பது கத்தியோடு வருகிறவன்.

"அப்படியென்றால் புகை இரண்டு பேருக்கும்தான். அவன் வெளியே ஓடிவிடுவான், நீங்கள் உள்ளே இருமிக்கொண்டிருப்பீர்கள். சத்தத் தோட்டாவும் அந்த அறைக்குள் சாதாரணமாக இருக்காது. வாங்குவதற்கு முதல் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்."

கீழே, சுட்டுப் பார்க்கும் அறைக்குக் கூட்டிப்போனார். மேலேயே நில்லுங்கோ என்று கணவரிடம் சொன்னேன். கேட்கவில்லை. காதுக்குக் கவசம் போட்டுக்கொண்டு எனக்குப் பக்கத்தில் வந்து நின்றார். அந்தப் பெண் ஒரு தோட்டாவைச் சுட்டார்.

கவசத்தையும் மீறி நெஞ்சில் இடித்தது. கணவர் என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தார். முகத்தில் இரத்தமே இல்லை. ஆனாலும் கவசத்தைக் கழற்றிவிட்டுச் சொன்னார்:

"இன்னொருக்காச் சுடச் சொல்லும். உமக்குப் பழகவேணுமெல்லே."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. "வேண்டாம். வாங்கோ, மேல போவம்" என்றேன்.

அந்தப் பெண் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். மேலே வந்ததும் இவருக்குத் தண்ணீர் கொடுத்து, ஒரு கதிரையில் இருத்தினார். பெட்டிகளைத் திரும்ப அலுமாரிக்குள் அடுக்கினார்.

"உங்கள் கடைக்கு இதில் எதுவும் சரிவராது. பின்கதவு இருக்கிறதா? தையல் மெஷினை அதற்குப் பக்கத்தில் போடுங்கள். பக்கத்துக் கடையில் யார்?"

"முடி வெட்டுகிறவர். துருக்கிக்காரர்."

"நல்லவரா?"

"நல்லவர்."

"அப்ப அவரிடம் சொல்லுங்கள்."

விற்க நிற்கிற ஒருவர் விற்காமல் அனுப்பியதை நான் அன்றுதான் கண்டேன். திரும்பி வரும்போது ஆற்றுக்கு மேலே ஓடும் தொங்குரயிலில் கணவர் கீழே பார்த்தபடி சொன்னார்: "உம்மைத் தனிய விட்டிட்டு வேலைக்குப் போக ஏலாமக் கிடந்தது. வேறை என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை." நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கணவர் மெஷினைப் பின்கதவுக்குப் பக்கத்தில் இடம் மாற்றினார். துப்பாக்கி உரியவரிடம் திரும்பிப் போனது. முடி வெட்டுகிறவர் முழுக்கதையையும் கேட்டுவிட்டு, இதை ஏன் முதலே சொல்லவில்லை என்று கோபித்தார். பிறகு அவரும் கணவருமாகச் சுவரில் துளை போட்டு வயர் இழுத்தார்கள். என் மேசைக்கு அடியில் ஒரு பொத்தான், அவர் கடையில் ஒரு மணி.

மாசியில் ஒருநாள் பாரமான கோட் ஒன்றைத் தூக்கும்போது என் முழங்கால் அந்தப் பொத்தானில் இடித்துவிட்டது. எனக்குத் தெரியவில்லை. படாரென்று கதவைத் தள்ளிக்கொண்டு முடி வெட்டுகிறவர் ஓடிவந்தார், கையில் கத்தரிக்கோல். அவருக்குப் பின்னால் பென்னாம்பெரிய ஒரு மனிதர், கழுத்தில் துணி கட்டியபடி, பாதி முகத்தில் சவர நுரையோடு.

"எங்கே அவன்?" என்று அந்த நுரைக்காரர் கத்தினார். உடுப்பு மாற்றும் திரையையும் விலக்கிப் பார்த்தார்.

முழங்காலைக் காட்டி, மேசையைக் காட்டி, ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. "பரவாயில்லை, பரவாயில்லை" என்று இரண்டு பேரும் மாறிமாறிச் சொன்னார்கள். நுரை காய முதல் போகவேண்டும் என்று திரும்பி ஓடினார்கள்.

பின்னேரம் கணவருக்குச் சொன்னேன்.

"எத்தினை பேர் வந்தவை?"

"ரெண்டு பேர். ஒராளுக்கு அரைவாசிச் சவரம்தான்."

மார்கழிக்குப் பிறகு அன்றுதான் அவர் வாய்விட்டுச் சிரித்தார்.